மாப்பிள்ளை வயலுக்குப் போன போரான்

சேராஃபிமும் அவன் தங்கை கணவன் ஸ்தெர்யோஸும் ஒன்பது வருடமாகப் பேசுவதில்லை. ஒரு கல்யாண விருந்தில், சிப்புரோ சாராயம் உள்ளே போன வேகத்தில், "உன் பருத்தி தலகாணிக்குக்கூட ஆகாதுய்யா" என்று சேராஃபிம் சொல்லிவிட்டான். அவ்வளவுதான். அடுத்தடுத்த வயல், ஒரே காப்பிக்கடை, நடுவில் நான். "அந்த நாற்காலியத் தள்ளிப் போடச் சொல்லு" என்பதைக்கூட நான்தான் சொல்ல வேண்டும். நான் வைத்திருப்பது காப்பிக்கடையா, தபால் ஆபீசா என்று எனக்கே எரிச்சலாக வரும்.

போன மே மாதம் நானே ஒரு பந்தயம் கட்டிவிட்டேன். அறுவடை முடிந்து பஞ்சு மில்லில் யாருடைய பருத்தி மட்டமாக வருகிறதோ, அவன் முதலில் காலை வணக்கம் சொல்ல வேண்டும். இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

"அவனுக்கு நான் முதல்ல வணக்கம் சொல்றதா? அதுக்கு நாக்கப் புடுங்கிக்கலாம்" என்றான் சேராஃபிம்.

ஜூலையில், டவுனிலிருந்து வந்துபோகும் கூட்டுறவுச் சங்கத்து வேளாண் அதிகாரி ஃபோதினி, சோதித்துப் பார்க்கச் சொல்லி அவனுக்கு ஒரு டப்பா கொடுத்தாள். போரானும் துத்தநாகமும் கலந்த நுண்ணூட்டம். ஒரு வயலுக்கு அளந்து வைத்தது.

"நம்ம மண்ணுல இது பத்தல, மாமா. அதான் பூவும் பிஞ்சும் கொட்டுது. பூக்குற நேரத்துல இலைமேல தெளிச்சா காய் நிக்கும், பஞ்சு கனக்கும், இழையும் நல்லா வரும்."

"கூடிப்போச்சுன்னா?"

"இலை ஓரம் கருகும். அதான் அளந்து தந்திருக்கேன்."

அவள் சொன்னதில் 'கருகும்' மட்டும் அவன் காதில் விழுந்தது.

எலியா தீர்க்கதரிசி திருநாளன்று ஊரே மலைக்கோயிலுக்கு ஏறிவிடும். சேராஃபிம் மட்டும் இடுப்புவலி என்று கீழேயே தங்கினான். வெயில் ஏறுமுன் டிராக்டரை எடுத்து, டப்பா மருந்து முழுவதையும் ஸ்தெர்யோஸ் வயலில் அடித்துவிட்டான். கருகினால் பந்தயம் ஜெயம். கருகாமல் விளைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் அந்த மகா மூளை யோசிக்கவில்லை.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். பருத்திக்கு அந்தப் பழமொழி தெரியாது. ஆகஸ்டில் ஸ்தெர்யோஸ் செடியில் காய்க்குமேல் காய். சேராஃபிம் பாத்தியில் உதிர்ந்த பிஞ்சு காலில் மிதிபட்டது. தினமும் வரப்பில் நின்று, எங்காவது ஓர் இலையாவது கருகியிருக்கிறதா என்று தேடுவான். பாவமாகத்தான் இருந்தது.

அக்டோபரில் மில்லிலிருந்து முடிவு வந்தது. ஸ்தெர்யோஸ் வயலில் கால் பங்கு கூடுதல் விளைச்சல், நீளமான, உறுதியான இழை. சேராஃபிமுடையது கட்டை இழை, எடையும் குறைவு.

ஃபோதினி நோட்டோடு கடைக்கு வந்து, "மருந்து அடிச்சும் ஏன் மாமா இப்படி?" என்று கேட்டாள்.

"உன் மருந்து குப்பைம்மா. எழுதிக்கோ."

அந்தப் பெண்ணும் முகம் செத்துப்போய் எழுதினாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவனுக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

சேராஃபிம் தொப்பியைக் கழற்றினான். ஸ்தெர்யோஸ் மேசை முன் போய் நின்றான். ஒன்பது வருடம் தொண்டையிலேயே கிடந்தது வெளியே வர நேரமாயிற்று.

"காலை வணக்கம், மாப்ள."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"காலை வணக்கம், மச்சான்" என்றான் ஸ்தெர்யோஸ். "இடுப்புவலி தேவலையா? கோயில் வாசல்ல நின்னா கீழ இருக்குற வயலெல்லாம் தெரியுமே, மறந்துட்டியா? ஊரே பாத்துச்சு. பாதிரியாரு ஜெபத்த நிறுத்திட்டுப் பாத்தாரு. கருகுனா கேசு போடலாம்னு நானும் சாட்சியெல்லாம் எண்ணி வச்சிருந்தேன்."

சேராஃபிம் என்னைப் பார்த்தான். நான் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மலைமேல் முதல் வரிசையில் நின்றவள் நான்தான்.

ஃபோதினி எழுதியதை அடித்துவிட்டு, 'மருந்து நன்று, வயல் மாறிவிட்டது' என்று திருத்தினாள்.

ஸ்தெர்யோஸ் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காரு மச்சான். வடக்கு மூலையில நாலு வரிசை விட்டுட்ட. அடுத்த வருஷம் அதையும் பாத்து அடிச்சிரு."