சத்தம் போடாத காசுகள்

ஜாய்ஸ் தைத்தது அசையாது. தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலைக்குப் பின்னால் ஒற்றை ஷட்டர் கடையில் இருபத்திரண்டு வருடமாக ரவிக்கை தைக்கிறாள். சொன்ன தேதிக்குக் கொடுப்பதில்லை என்று அவளைத் திட்டாத பெண் ஊரில் கிடையாது. கொக்கி தெறித்தது என்று திரும்பி வந்தவள் ஒரே ஒருத்தி, அவளும் கல்யாணப் பெண். வரவேற்பு மேடையில் காலில் விழக் குனிந்தபோது மூன்று கொக்கிகள் போயின. அன்றிலிருந்து இரண்டு தையல் போதுமென்ற இடத்தில் ஜாய்ஸ் நான்கு போடுகிறாள்.

அவளிடம்தான் மேகலா அந்தப் பொருளைச் செய்தித்தாளில் சுற்றி, மஞ்சள் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாள். மேகலா நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர். வயது முப்பத்தைந்து, நல்ல கனமான உடம்பு.

"என்னடி இது? காசுமாலையைப் பிடிச்சு பாடியில தைச்சு வச்சிருக்கான்!"

"பெல்லி டான்ஸ் டிரெஸ்ஸு அக்கா. ஆன்லைன்ல வாங்குனேன். கலெக்டர் ஆபீஸ் மகளிர் தின விழாவுல ஆடப்போறேன்."

ஜாய்ஸ் எழுந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தாள்.

முதுகுவலிக்கென்று ஃபோனைப் பார்த்து ஆட ஆரம்பித்ததாம். இரண்டு வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுகிறாளாம். உள்ளே கழுத்துவரை கறுப்பு வலைத்துணி போட்டுக்கொள்வாளாம், அதனால் மானத்துக்குக் குறைவில்லை. குறையெல்லாம் இந்தப் பாடியில்தான். கப் சின்னது, ஸ்ட்ராப் வெறும் எலாஸ்டிக். அதில் ஒன்றரைக் கிலோ காசு தொங்குகிறது. நாலு குலுக்கு குலுக்கினால் எல்லாம் இடுப்புக்கு இறங்கிவிடுகிறது.

"எங்க ஆபீஸ் ராம்கி இல்ல, அவன் எல்லார்கிட்டயும் சொல்றான்க்கா, 'நெல்லு மூட்டை ஆடப்போவுது, வந்து பாருங்க'ன்னு. மேடையில ஒரு ஸ்ட்ராப் நழுவினாப் போதும், வேதாரண்யம் வரைக்கும் வீடியோ போயிடும். அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த நாற்காலியில உக்கார்றது?"

ஜாய்ஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளும் ஒன்றும் ஈர்க்குச்சி இல்லை.

"வச்சுட்டுப் போ. பூகம்பம் வந்தாலும் இது நழுவாது."

முதலில் எலாஸ்டிக்கை வெட்டிக் குப்பையில் போட்டாள். கப்பைப் பிரித்து, பக்கத்தில் துண்டு கொடுத்துப் பெரிதாக்கி, உள்ளே காலருக்கு வைக்கிற கேன்வாஸை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தாள். ஸ்ட்ராப்புக்கு இழுபடாத பட்டை வேண்டும். கணவர் இருதயசாமியைக் கட்டில் நாடா வாங்கிவர அனுப்பினாள். கடைக்காரர் கட்டில் எத்தனை அடி என்று கேட்டாராம். மனுஷர் திருதிருவென்று விழித்துவிட்டு, "மாட்டுக்குங்க" என்று சொல்லி வாங்கி வந்திருந்தார்.

நாடாவுக்குப் பட்டு சுற்றி, பின்பக்கம் இரட்டை வரிசையில் கொக்கி வைத்து, ஜன்னல் கம்பியில் மாட்டி, அதில் கரிபோடும் இஸ்திரிப் பெட்டியைத் தொங்கவிட்டாள். சாயங்காலம் வரை தொங்கியது. ஒரு நூல் அசையவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காசுகளைப் பார்த்தால் ஒவ்வொன்றும் மேலே ஒரே ஒரு வளையத்தில் ஆடிக்கொண்டிருந்தது. எவனோ அரைகுறையாக விட்டுவிட்டான் என்று ஜாய்ஸுக்குப் பட்டது. கீழ் விளிம்பையும் சேர்த்துப் பிடித்து, நூற்றெண்பத்தாறு காசுகளையும் துணியோடு துணியாக இறுக்கித் தைத்து முடித்தாள்.

விழாவன்று மத்தியானம் மேகலா வந்து போட்டுப் பார்த்தாள். அளவெடுத்து வார்த்தது போல உட்கார்ந்தது. தாவினாள், குனிந்தாள், கையைத் தூக்கினாள். எதுவும் நழுவவில்லை. அவள் கண் கலங்குவதைப் பார்த்து ஜாய்ஸுக்கும் கலங்கியது.

பிறகு மேகலா தோளைக் குலுக்கினாள். கடையில் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா, சத்தம் எங்க?"

"என்ன சத்தம்?"

"காசு சத்தம்க்கா! அது குலுங்குறதுக்குத்தானே ஆடுறதே!"

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடி! காசு விழுந்துடக் கூடாதுன்னு ராப்பகலா உக்காந்து தைச்சவ நானு!"

விழா ஆறு மணிக்கு. மணி மூன்றரை. ஜாய்ஸ் ஆளுக்கொரு பிளேடு எடுத்துக் கொடுத்தாள். போட்ட தையலை அவள் பிரிப்பது அவள் நகத்தை அவளே பிடுங்குவது மாதிரி இருந்தது. காசுக்கு நான்கு தையல் போட்ட கையைச் சபித்துக்கொண்டே அறுத்தாள். இருபது காசுக்கு ஒருமுறை மேகலா எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். முதலில் சாவிக்கொத்து போலக் கேட்டது, பிறகு கொலுசு போல. கடைசிக் காசை அவிழ்த்ததும் ஜாய்ஸே வாங்கி இரண்டு தரம் குலுக்கினாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒவ்வொன்றும் ஒற்றை வளையத்தில் ஆடுவதில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

அதனால் அவளும் இருதயசாமியை இழுத்துக்கொண்டு விழாவுக்குப் போனாள். நூல் கோத்த ஊசியை முந்தானையில் குத்திக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். ஸ்ட்ராப்பை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை என்று முடிவு.

மேகலா மேடைக்கு வந்ததும் பின்வரிசையிலிருந்து ராம்கி கத்தினான். "ஏய், மூட்டை வந்துருச்சு! எடை போடுங்கப்பா!"

அரங்கமே சிரித்தது. ஜாய்ஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாட்டுக்கு ஆட ஆரம்பித்த மேகலா நின்றுவிட்டாள். போச்சு, அழப்போகிறாள் என்று நினைத்தாள் ஜாய்ஸ்.

அழவில்லை. மேகலா பின்வரிசையைத் தேடிப் பார்த்தாள். ராம்கியை நேராகப் பார்த்து, காலை நகர்த்தாமல், தோளை மட்டும் ஒரு குலுக்குக் குலுக்கினாள். ஜல் என்றது. ராம்கி வாயைத் திறந்தான். மறுபடி ஜல். மூடினான். மூன்றாவது முறை அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே குலுக்கினாள். இப்போதும் அரங்கம் சிரித்தது, ஆனால் எல்லாத் தலையும் ராம்கி பக்கம் திரும்பியிருந்தது. பிறகு அவள் ஆடினாள் பாருங்கள், இடுப்பு ஒரு தாளம், தோள் ஒரு தாளம், நூற்றெண்பத்தாறு காசும் மழை பிடித்த மாதிரி. கலெக்டர் ஆபீஸ் பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். விசில் அடிப்பது யாரென்று இருதயசாமி சுற்றுமுற்றும் தேடினார். அடித்தது அவர் மனைவிதான்.

ஆடி முடித்ததும் மேகலா மூச்சிரைக்க ஓடிவந்து ஜாய்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஸ்ட்ராப் எங்கயாவது நகர்ந்துச்சா? உண்மையச் சொல்லுங்க."

"அதை யாருடி பார்த்தா?" என்றாள் ஜாய்ஸ். "நான் உன்னையில்ல பார்த்துக்கிட்டிருந்தேன்!"