ஆட்சேபணை உண்டு

"மொதல்ல கோயில்ல நம்ம ஓலைய வாசிக்கட்டும். அப்புறம் கேளு," என்றாள் ஷாரோன்.

"வாசிச்சுட்டா சரின்னு சொல்லிருவியா?" என்றான் மாரிராஜ்.

"கேக்காமயே பதில் வேணுமா உனக்கு? வாசிக்கட்டும் மொதல்ல."

2006-இல் ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றபோது இருவரும் பேசிக்கொண்டது இது. அதன்பின் ஒன்பது ஆண்டுகள், கல்லுமேட்டுத் தேவாலயத்தில் இந்த இரண்டு பெயர்களைத் தவிர வேறு எந்தப் பெயரையும் கல்யாணத்துக்காக வாசிக்க முடியவில்லை.

ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. மணமக்களின் பெயரை மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார்கள். ஒருவரும் ஆட்சேபணை சொல்லாவிட்டால் கல்யாணம். மாரிராஜ் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், கார் கம்பெனியில் கதவு பொருத்துகிறவன், ஷாரோனுக்காக ஞானஸ்நானம் வாங்கியிருந்தான். ஆனால் ஷாரோன் நான்கு மாதம் கர்ப்பம் என்று சபைச் செயலாளர் தாவீதுக்குத் தெரிந்துவிட்டது. ஆராதனை நடுவே அவர் ஓலையை நான்காகக் கிழித்தார். "வயித்துல வாங்கிகினு வந்து ஓலை கேக்குறியா? எழுந்து போ வெளிய," என்றார். மூன்றாவது பெஞ்சில் அவளுடைய அம்மா செல்லம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஷாரோன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, கடையில் சில்லறை கேட்கிற குரலில் சொன்னாள்: "எங்க பேர வாசிக்காத கோயிலு, வேற யார் பேரயும் வாசிக்க வாணாம்."

அடுத்த ஞாயிறு அதே சபையைச் சேர்ந்த கோதண்டத்தின் மகன் பாபுவுக்கு ஓலை. ஆயர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்து, "மாரிராஜ், ஷாரோன்" என்று வாசித்தார். மறுபடி வாசித்தார். அதேதான் வந்தது. தாவீது எழுந்து, "ஆட்சேபணை உண்டு" என்றார். மைக்கில் கோளாறு என்று புது மைக் வாங்கினார்கள். மூன்று ஆயர்கள் மாறினார்கள். அச்சடித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த இருநூறு தாள்களிலும் மாரிராஜ், ஷாரோன். அந்த வருஷங்களில் ஏரிக்கரை நிலம் விலை ஏறியதற்கு ஊர் பழகியதுபோல இதற்கும் பழகியது. தாவீது முதலில் விருப்பத்தோடு ஆட்சேபித்தார். மூன்றாம் வருஷத்திலிருந்து அவர் நினைக்காமலே கால் எழுந்தது, வாய் திறந்தது. செல்லம்மாள் ஞாயிறுதோறும் போனில் விவரம் சொல்வாள். கேட்டுவிட்டு ஷாரோன் மீன் குழம்பு வைப்பாள். அன்றைக்கு மட்டும் குழம்பு தனி ருசியாக இருக்கும் என்று மாரிராஜ் சொல்வான். வாடகை அறையில் அவர்கள் புருஷன் பெண்டாட்டியாகத்தான் வாழ்ந்தார்கள். மகள் கார்முகில் பிறந்து பள்ளிக்கும் போனாள். கூட்டுரோட்டில் நிறுத்திவைத்த கேள்வி மட்டும் கேட்கப்படாமல் மாரிராஜின் தொண்டையில் இருந்தது. சோறு விழுங்கும்போது அது மேலும் கீழும் போவதை வெளியிலிருந்தே பார்க்கலாம்.

கல்லுமேட்டில் ஓலை கிடைக்காத ஜோடிகள் ஒரகடத்துக்குப் போனார்கள். அங்கே பெயின்ட் டப்பா அடுக்கியிருந்த ஒரு தகரக் கொட்டகையில் கங்கா என்ற ஆயரம்மா சபை நடத்தினார். வாசல் பலகையில், 'யூனிஃபார்மோடு வரலாம், பாதியில் வரலாம், தூங்கவும் செய்யலாம்' என்று எழுதியிருந்தது. நைட் ஷிப்ட் முடித்தவர்கள் பிரசங்கத்தில் குறட்டை விட்டார்கள். விவாகரத்தானவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஊர்க் கோயில் பாடகர் குழுவிலிருந்து துரத்தப்பட்ட திருநங்கை வேல்விழி இங்கே பாட்டைத் தொடங்கிவைத்தாள். ஷாரோனும் எட்டு வருஷம் வந்தாள். "உன் ஓலைய நான் வாசிக்கிறேன்டி," என்று ஆயரம்மா பலமுறை சொன்னார். "உங்க வாய் வாணாம்மா. தாவீது வாய்தான் வேணும்," என்பாள்.

"அப்ப நீ இன்னும் அந்தக் கோயில்லதான் குந்திகினு கீற. இங்க வரவேயில்ல," என்றார் ஆயரம்மா. ஷாரோன் அன்றும் மீன் வாங்கிக்கொண்டுதான் போனாள்.

2015-இல் தாவீதின் மகள் சுகப்பிரியாவுக்கு வரன் அமைந்தது. சொந்தச் சபையில் ஓலை வாசித்தால்தான் கல்யாணம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். தாவீது கொட்டகைக்கு வந்து செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். "செருப்பு போட்டுக்கோ நைனா, ஆணி கீணி இருக்கும்," என்று வேல்விழி தன் பக்கத்தில் இடம் விட்டாள்.

"நான் சும்மா இருக்கணும்னுதாம்மா பாக்குறேன். வாய் தானா சொல்லுது," என்றார் அவர் ஷாரோனிடம்.

"வாசிக்கிற வாய் எப்படி ஆட்சேபிக்கும் மாமா? எங்க ஓலைய நீங்களே வாசிங்க."

மூன்று ஞாயிறும் கொட்டகைச் சபை முழுவதும் இரண்டு கம்பெனி பஸ்ஸில் கல்லுமேட்டுக்குப் போய், காலியாகிவிட்டிருந்த பெஞ்சுகளை நிறைத்தது. ஷாரோன் முதல் வரிசையில், மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் ஞாயிறு தாவீது வாசித்தபோது, "கேக்கல மாமா, சத்தமா," என்றாள். ஐந்து முறை வாசிக்க வைத்தாள். இரண்டாம் ஞாயிறு ஏழு முறை. குறட்டை விட்டவர்கள்கூட எழுந்து எண்ணினார்கள். மூன்றாம் ஞாயிறு, ஷாரோன் என்ற பெயர் வந்த இடத்தில் அவர் குரல் உடைந்து பாதி எழுத்து வெளியே வரவேயில்லை. எல்லாரும் ஷாரோனைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். திரும்பியபோது பின்வரிசையில் அம்மா செல்லம்மாள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. "கேட்டுச்சு மாமா," என்றாள்.

யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆயர் அடுத்த தாளை எடுத்து சுகப்பிரியாவின் பெயரை வாசித்தார். அது சுகப்பிரியா என்றே வந்தது. நைட் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்த மாரிராஜ் எழுந்தான். தொண்டையில் ஒன்பது வருஷமாக இருந்தது ஒருமுறை ஏறி, மேலே நின்றது.

"ஏ ஷாரோன், என்னைய கெட்டிக்கிடுதியா?"