பிரித்துப் போட்ட காசு

இரத்தினசிங்கம் காரில் ஏறுவது லேசுப்பட்ட காரியமல்ல. முதலில் கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்பார். பிறகு ஆசனத்தில் பின்பக்கமாக உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைப்பார். ஜெர்மனியில், ஸ்ருட்கார்ட் நகரத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றின் குசினியில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பானை தூக்கிய முதுகு அது. ரஞ்சினி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தால் அண்ணனுக்குக் கூச்சம். பார்க்காமல் இருப்பது அவளுக்குக் கஷ்டம்.

“வெளிக்கிடுவம்,” என்றார், ஒருவழியாகக் கதவைச் சாத்திவிட்டு. “பின்னேரம் நான் சொன்னால்தான் புஸ்பராணி கடுதாசியைக் கொண்டுபோய்க் குடுப்பாள்.”

ஹோட்டல் கைமாறியிருந்தது. வயதுபோன வேலையாட்கள் தாமாகவே விலகினால் ஒரு தொகை தருவதாகப் புதிய நிர்வாகம் சொல்லியிருந்தது. சம்மதம் கொடுக்க இன்றைக்குச் சனிக்கிழமைதான் கடைசி நாள். ஹோட்டலுக்குச் சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. கையெழுத்துப் போட்ட கடுதாசி அங்கே அவர் மனைவி, புஸ்பராணி மச்சாளின் கைப்பையில் இருந்தது. அவர்கள் தரும் தொகை பென்ஷன் வரும்வரைக்கும் காணாது. சிட்னியில் தங்கச்சி போட்டு வைத்திருக்கும் காசின் வட்டியும் சேர்ந்தால்தான் வண்டி ஓடும். அந்தக் காசைக் கண்ணால் ஒருதரம் பார்த்துவிட்டு முடிவெடுக்கத்தான் அவர் அந்த முதுகோடு இவ்வளவு தூரம் பறந்து வந்திருந்தார். காசு சரியென்றால் வேலையை விடலாம். இல்லையென்றால் திரும்பவும் பானைதான்.

போன வருடம் கிரேக்க நாடு தள்ளாடத் தொடங்கியதிலிருந்து இரத்தினசிங்கத்துக்கு நித்திரை இல்லை. யூரோ இன்றைக்கு விழும், நாளைக்கு விழும் என்று ஜெர்மன் ரீவியில் கோட்டுப் போட்டவர்கள் மாறி மாறிச் சொன்னார்கள். வங்கி என்றாலே அவருக்குப் பயம். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் மட்டும் அவருக்குப் பிடித்த மாதிரிப் பேசினார். பேராசைப்படாதீர்கள், காசைப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இடங்களாகப் பாருங்கள், ஒன்று விழுந்தால் மற்றது விழக்கூடாது என்றார். இதை இரத்தினசிங்கம் தொலைபேசியில் ரஞ்சினிக்குத் தேவாரம் சொல்லிக்கொடுப்பது போல மூன்று நாலு தரம் சொல்லிக்கொடுத்தார். பிறகு சேமிப்பு முழுவதையும் அவளுக்கு அனுப்பினார்.

ரஞ்சினியின் கணவன் ஸ்ரீகாந்தன் அதிகம் பேசாத மனிதன். “மூண்டு பாங்கில பிரிச்சுப் போட்டுட்டுப் பேசாமல் இரு,” என்றான். அவள் கேட்கவில்லை. அவள் வெளிநாடு வர ஏஜென்சிக்குக் கட்டிய காசு, கலியாணச் செலவு, தாலிக்கொடி எல்லாம் அந்தக் குசினியிலிருந்து வந்தவை. அண்ணன் தன்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல்தரம். அதை வங்கியில் போட்டு, எல்லாரும் செய்வதையே தானும் செய்தேன் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

அவள் தன் பாட்டில் யோசித்தாள். சம்பந்தமில்லாத இடங்கள் என்றால் சம்பந்தமில்லாத ஆட்கள். முதல் பங்கு பென்டில் ஹில்லில் இருக்கும் யோகா அக்காவுக்கு. சீட்டுப் பிடிப்பதிலும் வட்டிக்குக் கொடுப்பதிலும் கெட்டிக்காரி, ஒருவருக்கும் ஒரு சதம் பிசகாதவள். இரண்டாவது பங்கு, பலசரக்குக் கடை வைத்திருக்கும் வரதராஜாவுக்கு. யோகாவும் வரதராஜாவும் கோயில் நிர்வாகசபையில் அன்னதான மடத்துப் பூட்டின் திறப்பு யாரிடம் இருப்பது என்று சண்டைபிடித்துப் பேச்சை விட்டவர்கள். கலியாண வீடுகளில் மண்டபத்தின் இரண்டு கரைகளில்தான் இருப்பார்கள். மூன்றாவது பங்கு கெல்லிவில்லில் இருக்கும் பாஸ்கருக்கு. அவன் மதுரைக்காரன், கம்பியூட்டர் வேலை, ஷேர் வாங்கி விற்பவன். அவனுடைய பிள்ளையை ரஞ்சினிதான் பகலில் பார்த்துக்கொள்கிறாள். அவனுக்கு இவர்கள் இருவரையும் முகம் தெரியாது. ஒருவரோடொருவர் கதைக்கவே கதைக்காத மூன்று பேர். சம்பந்தமில்லாமைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இந்த ஏற்பாட்டை நினைத்து அவள் சமைக்கும்போதுகூடத் தனியாகச் சிரித்திருக்கிறாள்.

யோகா அக்காவின் வீட்டுக் கராஜ் முழுக்க விற்பனைக்கு வைத்த சேலைகள் தொங்கின. அண்ணன் உயரமான கதிரையாகப் பார்த்து உட்கார்ந்தார். யோகா தேத்தண்ணியும் பயற்றம்பணியாரமும் கொண்டுவந்து வைத்தாள்.

“உங்கட காசைப் பற்றிப் பயப்பிடாதேங்கோ அண்ணை,” என்றாள். “கண்ட கண்ட ஆக்களுக்கு நான் குடுக்கிறேல்லை. கதிர்காமநாதனிட்டைத்தான் முழுசாக் குடுத்து வைச்சிருக்கிறன். ஸ்கோபீல்ட்ஸில வீடு கட்டுறார். இந்த ரெண்டு மாசம்தான் வட்டி கொஞ்சம் பிந்துது.”

“கட்டிடக்காரருக்கு முன்னப்பின்னத்தானே வரும்,” என்றார் இரத்தினசிங்கம் பெருந்தன்மையாக. யோகாவின் கணக்கான பேச்சு அவருக்குப் பிடித்துவிட்டது.

கதிர்காமநாதனை ரஞ்சினிக்கும் தெரியும். அவரைத் தெரியாதவர்கள் யார்? பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, செத்தவீட்டு அந்தியேட்டி எதுவானாலும் வெள்ளை வேட்டியோடு முன்னுக்கு நிற்கும் மனிதர். சண்டைபிடித்தவர்களுக்கு நடுவில் நின்று இரண்டு பக்கமும் சிரிக்கத் தெரிந்தவர். நல்ல இடம்தான் என்று நினைத்துக்கொண்டு அவள் அடுத்த பணியாரத்தைக் கடித்தாள்.

வரதராஜாவின் கடையில் கூட்டம் குறைவாக இருந்தது. மா மூட்டை அடுக்கும் தட்டு பாதி வெறுமை. அண்ணன் தட்டுகளைத் தடவிப் பார்த்தபடி மெல்ல நடந்தார். ஹோட்டலுக்குச் சாமான் வந்திறங்கும்போதும் இப்படித்தான் பார்ப்பார் போலும்.

“வரதண்ணை, சாமான் வரேல்லையோ?” என்று கேட்டாள் ரஞ்சினி.

“வரும் வரும். கொஞ்சக் காசு வெளியில நிக்குது,” என்றார் வரதராஜா. பிறகு அண்ணனைப் பார்த்து, “கடையில போட்டால் என்ன வரப்போகுது, சொல்லுங்கோ? உங்கட பங்கை நான் நல்ல இடத்திலதான் போட்டனான். எங்கட கதிர்காமநாதன்ர வீட்டு வேலையில. தங்கமான மனுசன்.”

ரஞ்சினி கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த தேசிக்காய்ப் பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் கதவைப் பிடித்துக் காரில் ஏறினார். கால்களை உள்ளே வைத்த பிறகு, “யோகாவும் அந்தப் பேர்தானே சொன்னவ?” என்றார்.

“இது வேற ஆள் அண்ணை. இஞ்ச அந்தப் பேரில கனபேர்,” என்றாள் ரஞ்சினி.

எப்படி அந்தப் பொய் அவ்வளவு சுகமாக வாயில் வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை. அண்ணன் தலையாட்டினார். அவர் நம்பியது அவளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. இன்னும் ஒரு பங்கு இருக்கிறது, பாஸ்கர் படித்தவன், ஷேர் என்பது வேறு உலகம், அந்த வட்டியை வைத்தாவது அண்ணன் சமாளிப்பார் என்று சந்திக்குச் சந்தி தனக்குள் சொல்லிக்கொண்டு ஓட்டினாள்.

கெல்லிவில்லுக்கு வந்து சேர்ந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லி அண்ணன் காரிலேயே இருந்துவிட்டார். அதற்காக அவள் உள்ளுக்குள் முருகனுக்கு நன்றி சொன்னாள். பாஸ்கர் அரைக் காற்சட்டையோடு கதவைத் திறந்தான்.

“நானே உங்களுக்கு போன் பண்ணணும்னு இருந்தேன்க்கா.”

“ஷேர் எல்லாம் எப்பிடி இருக்கு தம்பி?”

“ஷேர்ல இப்ப ஒண்ணும் இல்லக்கா. ஆகஸ்ட்ல மார்க்கெட் விழுந்துச்சுல்ல? பயந்துட்டேன். உங்க காசு வேற. எல்லாத்தையும் எடுத்து ஒரு பிராப்பர்ட்டி ப்ராஜெக்ட்ல போட்டுட்டேன். லேண்ட்னா சேஃப்னு நெனச்சேன்.” அவன் குரல் இறங்கியது. “உங்க ஊர்க்காரர்தான்க்கா. கதிர்காமநாதன். என் பையன் பர்த்டேல நீங்கதானே அறிமுகம் பண்ணி வச்சீங்க?”

ரஞ்சினி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“ஒரு வாரமா போனை எடுக்கலக்கா. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், பூட்டியிருக்கு. மெல்பேர்ன் போயிருக்கார்னு சொல்றாங்க. உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?”

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். இவன்மேல் கோபப்படவாவது முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் அந்த மனிதரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, எங்கள் ஆள், நல்ல மனிதர் என்று கேக் வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தியவள் அவள்தான். யோகாவும் வரதராஜாவும் ஒருவரோடொருவர் கதைத்திருந்தால் ஒரே ஆளுக்குக் கொடுப்பது எப்போதோ வெளிச்சத்துக்கு வந்திருக்கும். கதைக்காதவர்களாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். எல்லா வீட்டுக்குள்ளும் போய்வருகிற ஒருவர் இருப்பார் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. ஸ்ரீகாந்தன் ஒரு வார்த்தை சொல்லமாட்டான். அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருக்கப்போகிறது.

காருக்குத் திரும்பியபோது அண்ணன் கைத்தொலைபேசியை மடியில் வைத்திருந்தார்.

“என்னவாம்? எல்லாம் சரிதானே? அங்க இப்ப விடிஞ்சிருக்கும், புஸ்பராணி எழும்பியிருப்பாள். சொல்லிவிடட்டோ?”

அவர் முகம் அன்றைக்கு வழமையைவிடத் தெளிவாக இருந்தது. வேலையை விட்டபின் செய்யப்போவதையெல்லாம் நேற்று அவளுக்குச் சொல்லியிருந்தார். பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் எட்டு மணிவரை படுப்பது, வைத்தியர் சொன்னபடி நீச்சல் குளத்துக்குப் போவது. ஓம், சொல்லுங்கோ என்று ஒரு சொல் சொன்னால் இந்தப் பின்னேரம் சுகமாகக் கழிந்துவிடும். வரும் மாதங்களில் தன் சம்பளத்திலிருந்து வட்டி மாதிரி அனுப்பிக்கொண்டிருக்கலாம் என்றுகூட அவள் மனம் ஓடியது. எத்தனை மாதத்துக்கு? கடுதாசி கொடுத்துவிட்டால் அந்தக் குசினிக் கதவு அவருக்குத் திரும்பத் திறக்காது.

“கொஞ்சம் பொறுங்கோ அண்ணை,” என்றாள். “இன்னுமொரு இடம் காட்டக் கிடக்கு.”

ஸ்கோபீல்ட்ஸுக்கு அதிக தூரமில்லை. அந்தக் காணியில் அத்திவாரம் போட்ட அன்று பூசைக்கு அவளும் வந்து வடை தின்றவள்தான். யோகா ஒரு கரையிலும் வரதராஜா மறு கரையிலும் நின்றது இப்போது நினைவுக்கு வந்தது. வீதியோரத்தில் காரை நிறுத்தினாள். கம்பி வேலியின் ஒரு பகுதி சரிந்து கிடந்தது. உள்ளே கொங்கிறீட் தளம் மட்டும் போட்டபடி இருந்தது. சுவர்கள் எழவில்லை. தண்ணீர்க் குழாய்கள் ஆங்காங்கே நிலத்திலிருந்து நீட்டிக்கொண்டு நின்றன. ஓரமாக அடுக்கியிருந்த செங்கல்லைச் சுற்றிப் புல் வளர்ந்திருந்தது.

அண்ணன் வழமைபோலச் சிரமப்பட்டு இறங்கினார்.

“இது எது ரஞ்சி? மூண்டாவது பங்கோ?”

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அழுதால் அண்ணன் அவளைத் தேற்ற வந்துவிடுவார். அது அவளுக்கு வேண்டாம்.

“மூண்டும் இதுதான் அண்ணை.”

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

“ஒரே ஆள்தான். வரதண்ணையின்ர கடையில உங்களுக்கு நான் பொய் சொன்னனான். பாஸ்கரும் இவரிட்டைத்தான் குடுத்திருக்கிறார். ஆள் இப்ப போன் எடுக்கிறாரில்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அண்ணன் ஏசுவார் என்று அவள் காத்திருந்தாள். ஏசினால் நல்லது என்றே நினைத்தாள். அவர் சரிந்த வேலியைத் தாண்டி மெதுவாகக் கொங்கிறீட் தளத்தில் ஏறினார். நீட்டிக்கொண்டிருந்த குழாய் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். குசினி வரும் இடமாக இருக்கவேண்டும். அங்கிருந்து நாலைந்து அடி நடந்து நடுவில் நின்றார். பிறகு ஒரு கையை ஊன்றி, முழங்காலை மடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, நல்ல சேட்டோடு அப்படியே நிமிர்ந்து படுத்துவிட்டார்.

“அண்ணை!” என்று அவள் ஓடினாள்.

“ஒண்டுமில்லை. பதறாதை.” அவர் கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்தார். “கொங்கிறீட் சூடாக் கிடக்கு. முதுகுக்குச் சுகமா இருக்கு.”

அவருடைய நெஞ்சின் மேல் கிடந்த தொலைபேசி அடித்தது. சிறிது நேரம் அடிக்க விட்டு, பிறகு எடுத்துக் காதில் வைத்தார். சுற்றவர வெறும் புல்வெளி. புஸ்பராணியின் குரல் ரஞ்சினிக்கும் தெளிவாகக் கேட்டது.

“என்னப்பா, நான் வெளிக்கிட்டு நிக்கிறன். பஸ் வரப்போகுது. குடுக்கட்டோ, வேண்டாமோ?”

“பொறு,” என்றார் இரத்தினசிங்கம். “வீட்டுக்குள்ள படுத்திருக்கிறன்.”

“ஆற்ற வீட்டுக்குள்ள?”

மேற்கே இறங்கிய வெயில் நேராக அவர் கண்ணில் அடித்தது. முகத்தை மறைக்க அவர் கையைத் தூக்கவில்லை. ரஞ்சினி இரண்டடி நகர்ந்து, தன் நிழல் அவருடைய முகத்தில் விழும்படி நின்றுகொண்டாள். அவர் வாய் திறக்கும்வரை அசையாமல் நின்றாள்.