சாம்பிராணிக்கு வந்த கிண்ணம்

வளைகுடாவிலிருந்து லீவில் வந்த மீராமுகைதீனின் பெட்டிக்குள் இருந்ததில் ஒரேயொரு சாமானைத்தான் மனைவி ஹாஜறா உடனே வேலைக்கு எடுத்தாள். கைக்குள் அடங்கும் கனத்த இரும்புக் கிண்ணம். உட்புறம் செம்புத் தகடு, புனல் போலக் குவிந்திருந்தது. எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பனியில் குழாய் கழுவுகிறவன் அவன். கழிவுக் குவியலில் பளபளவென்று கிடந்ததை, கேட்பார் இல்லையென்று எடுத்து வந்துவிட்டான். அப்படியொரு புத்திசாலி.

பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழியாத வீடு. குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்ட வேண்டும், மண்சட்டியோ உடைந்துபோயிருந்தது. ஹாஜறா கிண்ணம் நிறையச் சாம்பலைப் போட்டு, மேலே சிரட்டைத் தணலை வைத்தாள்.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இரிக்கி" என்று மெச்சினாள். அன்றிலிருந்து தொட்டிலுக்கு அடியில் அதுதான் புகைந்தது. மீராமுகைதீனுக்குப் பெருமை தாங்கவில்லை.

பிள்ளை பார்க்கக் காலிதீன் வந்த அன்றோடு அந்தப் பெருமை முடிந்தது. அவன் சம்மாந்துறைக்காரன், அதே கம்பனியில் வெடிப் பகுதியில் வேலை, அவனும் லீவில் வந்திருந்தான். தொட்டிலின் பக்கம் குனிந்தவனுக்கு முகம் வெளிறிவிட்டது.

"மச்சான், புள்ளயத் தூக்கு. ஒண்டும் கதைக்காத, தூக்கு!"

ஹாஜறா பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே ஓடினாள். காலிதீன் தணலைக் குறட்டால் மெல்ல எடுத்துத் தண்ணீரில் போட்டான். பிறகு கிண்ணத்தைக் கொண்டுபோய் வளவின் கோடியில் வைத்துவிட்டு வந்தான்.

"தகட்டுக்குப் பின்னால வெடிமருந்து அப்பிடியே இரிக்கிடா. இத கிணத்தடிக்கு இறக்கி வெடிக்க வெச்சா, இரும்புக் குழாயையும் பாறையையும் துளைக்கும். அந்த ஓட்டையாலதான் எண்ணெய் வாற."

மீராமுகைதீன் முற்றத்து மணலில் உட்கார்ந்தான். "அப்ப ஏன்டா வெடிக்கல்ல?"

"கிணத்தடி அடுப்பு மாதிரிக் கொதிக்கும். மத்த மருந்தெண்டா அங்க தாங்காது, கெட்டுப்போகும், இல்லாட்டித் தானா வெடிச்சிரும். அதுக்கெண்டே சூட்டுக்கு அசையாத மருந்து செய்யிறாங்க. இன்னொரு வெடியால உசுப்பினாத்தான் எழும்பும். சாம்பலும் காப்பாத்தியிரிக்கி. ஆனா இன்னொரு நாளைக்கும் இப்பிடித் தாங்குமெண்டு நான் சொல்லமாட்டன்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான் மீராமுகைதீன். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பிள்ளை இத்தனைக்கும் கண் விழிக்கவில்லை.

காலிதீன் போய்க் கல்லுடைக்கும் இடத்து வெடிகாரரைக் கூட்டி வந்தான். அவர் கிண்ணத்தை மணல் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார், காலிதீனும் கூடப் போனான். மஃரிபுத் தொழுகை நேரத்துக்குக் காலிதீன் மட்டும் திரும்பி வந்தான்.

"வெடிக்க வெச்சாச்சி. பாறையில விரல் போற ஓட்டை, முழங்கை ஆழம்."

அவன் போனபின் ஹாஜறா கேட்டாள். "நீங்க குழாய் கழுவுற இடம் இதுகள் வெச்சிரிக்கிற இடத்துக்குத் தூரமா?"

"பக்கத்துக் கொட்டில்" என்றான். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"லேசான வேல எண்டுதானே சொன்ன நீங்க? புள்ள தப்பினதுக்கு அல்லாஹ்வுக்குச் சுக்ர் சொன்னன். நீங்க இவ்வளவு காலமும் தப்பினதுக்கு இன்னும் சொல்லல்லியே. எனக்கு நாப்பது கழியல்ல, தொழ ஏலா. எனக்கும் சேத்துத் தொழுங்க."

அவன் கைகால் கழுவி ஒளுச் செய்துகொண்டு வந்து தொழுதான். தொழுகை முடித்து ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது அவள் பிள்ளையோடு பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"இனி அந்த வேலைக்குப் போவேணாம்."

"போகல்ல" என்றான். சொன்னதும் அவனுக்கே நெஞ்சு லேசானது. பிள்ளையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.