பரீதா மினுக்கிய காசு

பரீதாவின் செப்புக்காசில் இருந்த ராசா, அவள் புருசன் முத்தலிப் எந்தத் திசையில் இருந்தானோ அந்தத் திசைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். மூதூரில் இதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. மீன் விலை கேட்பதுபோல, "ராசா இண்டைக்கு எங்க பாக்கிறார்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப்போன வருசம் முத்தலிப்பின் வேலையும் போனது. சரக்குக் கப்பலில் ஏறுமுன், துறைமுகச் சேற்றில் அகப்பட்ட அந்தக் காசைப் பெண்சாதியின் கையில் வைத்துவிட்டுப் போனான். நகமளவு, கரும்பச்சை நிறம். பட்டணத்து அருளம்பலம் மாஸ்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒருபக்கம் முத்துப்பட்டம் கட்டிய தலை. மறுபக்கம், விழுந்த குதிரைக்காரனை ஈட்டியால் குத்தும் சிப்பாய்.

"உரோமாபுரிக் காசு, தங்கச்சி. இந்தப் பச்சைதான் இதின்ர தோல். தேய்ச்சுப் போடாதேங்கோ, முகம் போயிடும். ஈரமும் ஆகாது."

"ஓம் மாஸ்டர்" என்றவள், வறுத்த அரிசி போட்ட போத்தலுக்குள் வைத்து, உப்புக்காற்றுப் படாமல் அதைக் கண்ணைப்போலக் காத்தாள்.

வருசங்கள் போயின. ராசா கிழக்கே பார்த்தான், மேற்கே பார்த்தான். ஒரு நோன்பு மாதக் கடைசியில், ஊருக்கு முன்னால் கிடக்கும் கொட்டியாரக் குடாவின் வாயைப் பார்த்தான். அவ்வளவுதான், அவளுக்குத் தலைகால் தெரியவில்லை. பெருநாளுக்கும் புருசனுக்கும் சேர்த்து வீட்டுப் பித்தளை எல்லாவற்றையும் புளியும் சாம்பலும் போட்டு மினுக்கினாள். ராசாவும் பளிச்சென்று இருக்கட்டுமே என்று காசையும் எடுத்துத் தேய்த்தாள். பாவி மனுசி! கழுவிப் பார்த்தபோது காசு மின்னியது, முகம் இல்லை.

பெருநாள் காலை முத்தலிப் வந்து சேர்ந்தான். கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்தன. ஆனால் யாருடையவை என்று சொல்ல ஏலாதபடி தேய்ந்திருந்தன. "நான்தான் புள்ள" என்ற குரலைக் கேட்டுத்தான் உள்ளே விட்டாள்.

"யா அல்லாஹ், நான்தான் அழிச்சிட்டன்" என்று தலையில் அடித்து அழுதாள்.

"விடு புள்ள. வட்டலப்பம் இருக்கா?" என்றான் அவன்.

ஊர் சீக்கிரமே பழகிவிட்டது. சந்தையில் அவனைச் சட்டையை வைத்து அடையாளம் கண்டார்கள். பரீதாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. அவனுடைய பழைய முகத்தை நினைத்துப் பார்ப்பாள், வராது. எழுபத்தெட்டாம் வருசத்துச் சூறாவளி வந்துபோன பிறகும் அவள் வீட்டுப் பித்தளை பச்சை பிடித்தே கிடந்தது. மழை இருட்டினால் அவனை வெளியே விடமாட்டாள். தொழுகைக்கு முகம் கழுவி வந்தால், துவாயை அவன் கையில் கொடுக்காமல், மிச்சமிருப்பதாவது இருக்கட்டும் என்று, தேய்க்காமல் ஒற்றி ஒற்றித் தானே துடைத்துவிடுவாள்.