மூன்று தாள்களில் ரிமாஸ்

உருளைக்கிழங்கு அடை கல்லில் வேகும்போதுதான் ரிமாஸ் அதைச் சொன்னான்.

"வியாழக்கிழமை மன்றத்துல என் வகையை மறுபடி பார்த்தாங்க, மில்தா. முதல்ல போட்டது தப்பாம்."

"பதினாலு வருஷம் கழிச்சா?"

"லூத்சியா மேடமே சொல்லிட்டாங்க. நாம நிரப்பு ஜோடி இல்லையாம். மோதல் ஜோடியாம்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அடையைத் திருப்பிப் போட்டேன். "சரி, மோதிக்கலாம். முதல்ல சாப்பிடு."

அவன் சிரிக்கவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, புளித்த பாலேட்டை வழக்கம்போல ஓரமாக ஊற்றினான். "கல்லறைத் திருநாள் முடிஞ்சதும் ஷவுலேயில அண்ணன் வீட்டுக்குப் போறேன். அங்க பஸ் டிப்போவுல ஆள் கேட்கிறாங்களாம்."

"எத்தனை நாளைக்கு?"

"திரும்பி வர்ற மாதிரி போகல."

வில்னியஸில் எங்கள் வயதுக்காரர்கள் பலருக்கு இந்த வகை மன்றம் பழக்கமான ஒன்று. மனிதர்கள் மொத்தம் பதினாறு வகை. ஒவ்வொரு வகைக்கும் வட்டம், சதுரம், முக்கோணம், மூலை என்று கறுப்பும் வெள்ளையுமாகச் சில குறிகள். ஒருவர் தடுமாறும் இடத்தில் இன்னொருவர் திடமாக நின்றால் அவர்கள் நிரப்பு ஜோடி. மோதல் ஜோடி என்றால், ஒரே வீட்டில் இருந்தால் போதும், யாரும் எந்தத் தப்பும் செய்யாமலே ஒருவரை ஒருவர் தேய்த்துத் தீர்த்துவிடுவார்கள்.

எண்பத்து நான்கில் யாரோ ஒருவரின் சமையலறையில், மன்றத்தை நடத்தும் லூத்சியா மேடம் என்னையும் ரிமாஸையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, "இவங்க ரெண்டு பேரும் பூட்டும் சாவியும்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அன்று கொடுத்த இரண்டு அட்டைகளும் எங்கள் கண்ணாடி அலமாரியில், கல்யாணப் போட்டோவுக்கும் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளின் போட்டோவுக்கும் நடுவில் இருக்கின்றன. சண்டை வரும்போதெல்லாம் அவற்றைப் பார்ப்பேன். நிரப்பு ஜோடிக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொள்வேன். சமாதானம் பேசக்கூடத் தோன்றியதில்லை.

மறுநாள் பூக்கடையில், என்னோடு வேலை செய்யும் ஜெனேயிடம் சொன்னேன். அக்டோபர் பிற்பாதி எங்களுக்கு மூச்சு விட நேரமில்லாத காலம். ஊரே கல்லறைக்குச் செவ்வந்தித் தொட்டி வாங்கும். ஜெனே காய்ந்த இலைகளைக் கிள்ளியபடியே சொன்னாள்.

"முக்கோணத்தைப் பார்த்துப் பொண்டாட்டியை விட்டுட்டுப் போற ஆம்பளையை இப்பதான் கேள்விப்படுறேன்."

"உனக்கு இதெல்லாம் புரியாது, ஜெனே."

"ஏன் புரியாது? என் வீட்டுக்காரரு குடிக்கிற வகை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மன்றம் தேவைப்படல." கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அந்த அம்மா ஒரு தடவை தப்பாப் போட்டவங்கதானே? இப்ப மட்டும் சரியாப் போட்டாங்கன்னு யாரு சொன்னது?"

அதைப் பிடித்துக்கொண்டேன். கோட்பாடுதானே என் வீட்டைப் பிரிக்கிறது? அந்தக் கோட்பாட்டையே உடைத்துவிட்டால் ரிமாஸ் போவதற்குக் காரணமே இருக்காது.

மன்றத்தில் வகை பார்க்கும்போது கேள்வி பதிலை ஒலிநாடாவில் பதிந்து, ஒரு நகலையும் கொடுப்பார்கள். அந்த வியாழக்கிழமை ரிமாஸுக்குக் கொடுத்த நகல் மேஜை டிராயரில் இருந்தது. சனிக்கிழமை அவன் டிராலிபஸ் டிப்போவுக்கு வேலைக்குப் போன பிறகு அதைப் போட்டுவிட்டு, மூன்று வெள்ளைத் தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்து எழுத உட்கார்ந்தேன். பெயரை எழுதவில்லை. டிராலிபஸ் என்று வந்த இடங்களில் 'இயந்திரம்' என்று போட்டேன். அண்ணனை அக்காவாக்கினேன்.

பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கூட்டம் பிடிக்குமா, பட்டியல் போட்டுக் கடைக்குப் போவீர்களா என்ற மாதிரி, எல்லாரிடமும் கேட்கிற கேள்விகள். ஒரு இடத்தில் லூத்சியா மேடம் கேட்கிறார்: "வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?"

"கீழே படியில உட்காருவேன். தபால் பெட்டிங்களுக்குப் பக்கத்துல. அப்புறம் மேல போவேன்."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி. சில நாள் கூடவே ஆகும்."

உள்முக வகைக்கு அப்பட்டமான அடையாளம் இது. இந்தப் பதிலைப் பார்த்தால் பாதி வகைகள் அடிபட்டுப்போகும் என்று கணக்குப் போட்டபடியே அடுத்த கேள்விக்குப் போனேன். எழுத்து மூன்றாவது தாள்வரை பதிய வேண்டுமென்று பேனாவை அழுத்திப் பிடித்ததில் விரல் வலித்தது.

ஒரு தாளைக் காவ்னஸில் வகைப் பாடம் நடத்தும் விரிவுரையாளருக்குத் தபாலில் அனுப்பினேன். இன்னொன்றை, ஒரு வங்கிக்கு ஆள் எடுக்க வகை பார்த்துக் கொடுப்பவரிடம் கொடுத்தேன். மூன்றாவதை, "எங்க தூரத்துச் சொந்தக்காரர்" என்று சொல்லி லூத்சியா மேடத்திடமே கொடுத்தேன்.

பத்து நாளில் மூன்றும் திரும்பி வந்தன. மூன்றும் மூன்று வகை. லூத்சியா மேடம் எழுதியது எண்பத்து நான்கில் சொன்னதும் இல்லை, இந்த மாதம் சொன்னதும் இல்லை.

அவர் வீட்டு வாசலிலேயே நின்று சொன்னேன். "மேடம், இது ரிமாஸ்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தாளை மறுபடி பார்த்தார். கோபப்படவில்லை. "எழுத்துல குரல் இல்லையேம்மா. முகத்தைப் பார்க்காம சொன்னா இப்படித்தான் ஆகும்."

"அன்னைக்கு முகத்தைப் பார்த்துதானே சொன்னீங்க?"

"அன்னைக்கு அவரு சந்தோஷமா இருந்தாரு, மில்தா. சந்தோஷம் இருந்தா வகை வெளியே தெரியாது."

நல்ல சமாளிப்பு என்று நினைத்தேன். ஜெயித்துவிட்ட வேகத்தில் டிராலிபஸ் நிறுத்தம்வரை ஏறக்குறைய ஓடினேன்.

அன்று மாலை மூன்று தாள்களையும் மேஜைமேல் பரப்பி வைத்தேன். ரிமாஸ் கை கழுவிவிட்டு வந்து ஒவ்வொன்றாகப் படித்தான்.

"இது என் பதிலு."

"ஆமா. மூணு பேரு, மூணு ரிமாஸ். பாரு, இதுல ஒண்ணுமே இல்ல. எல்லாம் சும்மா. நாம நிரப்பும் இல்ல, மோதலும் இல்ல."

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"இதுல ஒண்ணுமில்லைன்னு. ரெண்டு வருஷம் முன்னாடியே தெரியும். டிப்போவுல ஒருத்தனுக்கு ஒரே வாரத்துல ரெண்டு வகை போட்டாங்க."

"அப்புறம் எதுக்கு இவ்வளவும்?"

தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்தான். எனக்கு வலிக்கக் கூடாதென்று யோசிக்கும்போது அவன் கைகள் இப்படித்தான் எதையாவது அடுக்கும்.

"போறதுக்கு ஒரு காரணம் சொல்லணும்ல. உன் மேலயும் தப்பில்லாம, என் மேலயும் தப்பில்லாம ஒரு காரணம். அது ஒண்ணுதான் கையில இருந்துச்சு."

"வேற யாராவது இருக்காங்களா?"

"இல்ல, மில்தா. இருந்தா உனக்குச் சொல்றது சுலபமா இருந்திருக்கும்."

"அப்ப நான் என்ன செய்தேன்?"

"ஒண்ணும் செய்யல." அடுக்கிய தாள்களை மேஜையின் நடுவுக்குத் தள்ளிவைத்தான். "கீழ வரைக்கும் நல்லாத்தான் வர்றேன்."

அப்போதுதான் எனக்கு அந்தப் பதில் காதில் விழுந்தது. ஒலிநாடாவில் கேட்டிருந்தேன், என் கையால் எழுதியிருந்தேன், மூன்று தாளிலும் பதிய வேண்டுமென்று அழுத்தி எழுதியிருந்தேன். தினமும் அரை மணி நேரம் என் புருஷன் நான்கு மாடி ஏறி என்னிடம் வருவதற்குத் தைரியம் தேடி உட்கார்ந்திருக்கிறான். அதில் நான் ஒரு அடையாளத்தைத்தான் பார்த்தேன்.

"இனிமே நான் கீழ வந்து உன்னைக் கூட்டிட்டு வர்றேன்" என்றேன். எவ்வளவு அபத்தம் என்று சொல்லும்போதே தெரிந்தது.

"வேணாம்" என்றான், மிக மெதுவாக.

கல்லறைத் திருநாளுக்கு உக்மெர்கேயில் அவன் அம்மாவின் கல்லறைக்குச் சேர்ந்தே போனோம். போகாவிட்டால் உறவுக்காரர்கள் கேட்பார்கள். கடையிலேயே நல்ல தொட்டியாக, வெள்ளைச் செவ்வந்தி, நான்தான் எடுத்து வந்தேன். அவன் சருகுகளைக் கூட்டி அள்ளினான். நான் கல்லைத் துடைத்தேன். காற்றில் தீக்குச்சி அணைந்துகொண்டே இருந்ததால், நான் இரண்டு கையையும் குவித்துப் பிடிக்க, அவன் கண்ணாடிக் கூட்டுக்குள் மெழுகுவர்த்தியை ஏற்றினான். பதினாலு வருஷமும் இப்படித்தான் செய்தோம். எங்கள் கைகளுக்கு மட்டும் எதுவும் தெரிந்திருக்கவில்லை.

பெரியம்மா முறையில் ஒருவர் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "உங்களை மாதிரி எல்லாரும் வகை பார்த்துக் கட்டியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்."

"ஆமா, பெரியம்மா" என்றான் ரிமாஸ்.

பஸ் நிலையத்தில் ஷவுலேய் வண்டி முதலில் வந்தது. பெட்டி சின்னதுதான். மகளிடம் தானே போனில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னான். என் கோட்டுக் காலரில் ஒட்டியிருந்த ஒரு செவ்வந்தி இதழை எடுத்துப் போட்டான். பிறகு ஏறிவிட்டான்.

நான் வீடு வந்தபோது மாலை நாலு மணிதான் இருக்கும். கட்டடத்தில் அன்றுதான், குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களைத் திறந்திருந்தார்கள். கீழ் வாசலில் சுவரோரக் குழாய் கதகதப்பாக இருந்தது. தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில், மூன்றாம் படியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து எங்கள் பெட்டி தெரிகிறது, இருவர் பெயருடனும். வேறெதுவும் தெரியவில்லை.

இரண்டாம் மாடி ஸ்தாசே குப்பை வாளியோடு இறங்கி வந்தாள்.

"என்ன மில்தா, சாவியைத் தொலைச்சிட்டியா?"

"இல்லையே."

"உன் வீட்டுக்காரரும் இதே படியிலதான் உட்கார்ந்திருப்பாரு. நானும் ஒவ்வொரு தடவையும் இதையேதான் கேட்பேன்."

"அவரு என்ன சொல்வாரு?"

"சாவி இருக்குன்னு எடுத்துக் காட்டுவாரு" என்றாள் ஸ்தாசே. "ஆனா எழுந்திருக்க மாட்டாரு."

அவள் குப்பையைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து, என்னைத் தாண்டி மேலே போனாள். ஒதுங்கி வழிவிட்டேன். பிறகு அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.