பெயரிடாத படம்

சாக்கின் வாயை இடக்கையால் கூட்டிப் பிடித்து, சாக்கூசியைக் குத்தி இழுத்துக்கொண்டிருந்தான் ஜவுபர். சம்மாந்துறையில் அந்த அரிசி மில்லில் அவனுக்கு மிஞ்சியிருந்த வேலை அது ஒன்றுதான். கண் நன்றாக இருந்த காலத்தில் மூட்டை தூக்கினான். பார்வை கொஞ்சம் கொஞ்சமாக இருண்டு முழுதாகப் போனபின், முதலாளி இரக்கப்பட்டுச் சாக்குத் தைக்க உட்கார வைத்தார். இப்போது அந்த இரக்கத்துக்கும் முடிவு வந்துவிட்டது. சாக்குத் தைக்கும் மெசின் ஒன்று கொழும்பிலிருந்து வந்து, பெட்டி பிரிக்காமல் மூலையில் இருந்தது. மாதம் முடிந்ததும் அதைப் பொருத்தி ஓட்டுவார்கள். ஜவுபர் வீட்டில் இருக்கலாம்.

சட்டைப் பையில் போன் சிணுங்கியது. ஊசியைச் சாக்கிலேயே குத்திவிட்டு எடுத்தான். அந்தப் போனைப் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். கீழே விழுந்து திரை செத்துப்போன போன். பொட்டு வெளிச்சம் வராது; தொட்டால் மட்டும் வேலை செய்யும். அதை அரை விலைக்கும் குறைய வாங்கியபோது ஜவுபருக்குப் பெரிய சந்தோசம். தனக்குத் திரை எதற்கு? விரலால் தடவினால் உள்ளே இருக்கும் பெண்குரல் எல்லாவற்றையும் வாசித்துச் சொல்கிறது. அதை அவனுக்குப் பழக்கிவிட்டது கல்முனையில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று இயங்கும் ஒரு நிறுவனம். வங்கிக் கடிதத்தைக்கூட அடுத்த வீட்டுக்காரர் வாயால் கேட்டுக் கூசியவனுக்கு, தன் கடிதத்தைத் தானே வாசிப்பது சின்ன விசயமில்லை.

"மாத மின்மடல். பார்வையற்றோருக்கு ஒரு வேலைவாய்ப்பு" என்றது குரல்.

ஜவுபர் அவசரமாகத் திரையில் விரலை இழுத்தான்.

"பெயரிடாத படம்."

இன்னும் இழுத்தான்.

"பெயரிடாத படம். மடல் வேண்டாமெனில் இங்கே அழுத்தவும்."

அவ்வளவுதான். மூட்டையை இறக்கிவிட்டு வந்த பக்கீர் அவன் முகத்தைப் பார்த்து நின்றான்.

"என்ன மச்சான், மூஞ்சி கறுத்துப்போச்சு?"

"வேலையாம்டா, கண் தெரியாத ஆக்களுக்கு. என்ன வேல, எங்கயெண்டெல்லாம் படத்துக்குள்ள எழுதி வெச்சிரிக்காங்க. இவள் படம் படமெண்டு செல்றாளே தவிர வாசிக்கிறாளில்ல."

"கொண்டா, நான் பாக்கன்." வாங்கிப் பார்த்த பக்கீர் சிரித்துவிட்டான். "ஒன்ட போன்ட கண்ணாடிதான் மௌத்தாப் போயிட்டே. என்ட மூஞ்சிதான் தெரியிது. ஒன்ட மெயில என்ட போன்ல போட்டுத்தா, வாசிச்சுச் செல்றன்."

"பொறு. மிஸ்ஸுக்கு எடுத்துக் கேப்பம்."

கல்முனை நிறுவனத்திலிருந்து அந்த மின்மடலை அனுப்பும் சர்மினி மிஸ் உடனே எடுத்தாள்.

"ஜவுபர் காக்கா, நான் ஒரு கூட்டத்தில நிக்கிறன். எல்லாம் விவரமா மெயில்ல இருக்கு. வாசிச்சுப் பாருங்க."

"வாசிக்க ஏலா மிஸ். படமெண்டு செல்லுது. எழுத்தா அனுப்பினாத்தான் என்ட போன் வாசிக்கும்."

"அப்பிடியா? வடிவா இருக்கட்டும் எண்டுதான் படமாச் செய்தம். சரி, எழுத்தா அனுப்பச் சொல்றன்."

மறுநாள் எழுத்தாகவே வந்தது. "எம், கே, செமிகோலன், ஜி, எச்" என்று குரல் ஏதோ ஏலம் போடத் தொடங்கியது. ஜவுபருக்கு விளங்கிவிட்டது. நிறுவனத்தின் கந்தோரில் இன்னும் யுனிகோடு இல்லாத பழைய எழுத்துருவில்தான் தமிழ் அடிக்கிறார்கள். அவர்கள் திரையில் அழகான தமிழாகத் தெரிவது வெளியே வந்ததும் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. போன் பழக்கிய வகுப்பு முடிந்த அன்றே அவன் சொல்லியிருந்தான், இதை எங்கள் போன் வாசிக்காது என்று. "நல்ல யோசனை காக்கா" என்று தலையாட்டினார்கள்.

திரும்ப அழைத்தான். "ஓம் காக்கா, மாத்தி அனுப்புறம்" என்றாள். பிறகு எத்தனை முறை அழைத்தும் அவள் எடுக்கவில்லை.

"நான் செல்ற மாதிரி, மொத வந்த படத்த என்ட போன்ல போட்டுத் தாயன்டா" என்றான் பக்கீர்.

"அனுப்புறண்டு செல்லிட்டாவேடா! கண் தெரியாத எங்களுக்கெண்டு நடத்துற கந்தோர் அது. அங்கயிருந்து வாறதையும் நான் உன்னக் கொண்டா வாசிக்கிற?"

வீம்புதான். அந்த வீம்போடு காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மில் பூட்டு. காலையிலேயே கைத்தடியை எடுத்துக்கொண்டு கல்முனை பஸ்ஸில் ஏறிவிட்டான்.

"அந்த வேலைக்கு விண்ணப்ப நாள் நேத்தோட முடிஞ்சுதே காக்கா!" என்றாள் சர்மினி. "தனியார் ஆஸ்பத்திரி ஒண்டில போனுக்குப் பதில் சொல்ற வேல. நல்ல சம்பளம். நீங்க விண்ணப்பம் போடல்லையா?"

"எத வாசிச்சுப் போட மிஸ்?"

சத்தம் கேட்டுப் பணிப்பாளர் அருட்பிரகாசம் அறையிலிருந்து வந்தார். "ஒருத்தருமே போடல்ல தம்பி. பார்வையில்லாத ஆக்கள் ஆர்வம் காட்டல்ல எண்டு ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பிட்டம். அவங்க வேற ஆளை எடுக்கப் போறாங்க."

ஜவுபர் குரலை உயர்த்தினான். "ஆர்வமில்லையா? சேர், உங்கட மெயில்ல எனக்கு வாசிக்கக் கெடச்சது ஒரேயொரு வரி. வேணாமெண்டா இங்க அமத்து எண்டு. இப்ப ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு எடுத்துக் கதைங்களன் சேர், ஆள் இரிக்கெண்டு."

"எழுதிக் குடுத்தத எப்பிடித் தம்பி மாத்திற? கோவப்படாதீங்க. அடுத்த முறை கட்டாயம் பாப்பம்."

பிளேன்டீ வந்தது. அவன் தொடவில்லை. எழும்பும்போது சர்மினி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "காக்கா, வந்தது வந்தீங்க, ஒரு போட்டோ எடுப்பமா? அந்தப் போனைக் காதில வைச்சுக்கொண்டு நில்லுங்க."

வேண்டாம் என்று சொல்வதற்குள் எடுத்துவிட்டாள்.

மாதக் கடைசியில் மெசினைப் பொருத்திவிட்டார்கள். ஜவுபர் ஒருநாள் முழுவதும் தைப்பதை அது தேநீர் நேரத்துக்கு முன்பே தைத்துத் தள்ளியது. அவன் தன் சாக்கூசியைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. அதே நேரம் பக்கீரின் போனும் சிணுங்கியது. வீம்பை விட்டு, தன் மெயிலை அவன் போனிலும் போட்டு வைத்திருந்தான்.

"மச்சான், ஒன்ட போட்டோ!" என்று பக்கீர் கத்தினான். "போனக் காதுல வெச்சிக்கிட்டு நிக்காய்!"

"கீழ என்ன எழுதியிரிக்கு?"

மெசின் சத்தத்துக்கு மேலால் பக்கீர் உரக்க வாசித்தான்: "'எமது மின்மடல் மூலம் தகவல்களை உடனுக்குடன் அறிந்து பயனடையும் சகோதரர் ஒருவர்.'"

ஜவுபர் தன் போனைக் காதோடு வைத்து விரலை இழுத்தான்.

"பெயரிடாத படம்" என்றது குரல்.